விலாங்குக் குடம்பி வளர்ப்பு: மிச்சத் தீனியோடு பட்ட பாடு

கல்லடியிலிருந்து ஓர் உறுப்பினர்:

கொடுவா, இறால் வளர்ப்பைப் பற்றிப் பலரும் இங்கே எழுதியிருப்பதால், யப்பானியப் பொரிப்பகம் ஒன்றில் விலாங்குக் குடம்பிகளோடு (முட்டையிலிருந்து வெளிவந்த இளம் உயிர்களோடு) நான் கழித்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியும் எழுதலாம் என்று தோன்றியது. நம் மட்டக்களப்பு வாவியில் விலாங்கு புதிதல்ல. பெரிய விலாங்கு தூண்டிலில் அகப்பட்டால் நரம்பைச் சுற்றிப் பின்னி, சாம்பல் பூசிய கையிலிருந்தும் வழுக்கிவிடும். ஆனால் அதன் குடம்பியை நம் பக்கத்தில் எவரும் கண்டிருக்க நியாயமில்லை. விலாங்கு ஆற்றிலும் களப்பிலும் வளர்ந்து, முட்டையிட மட்டும் ஆழ்கடலுக்குப் போய்விடுகிறது. யப்பானிய விலாங்கு மரியானாத் தீவுகளுக்கு மேற்கே முட்டையிடுகிறது என்பது, 2009 மே மாதத்தில் அந்தக் கடலிலிருந்து முட்டைகளையே அள்ளி எடுத்த பின்னர்தான் ஐயமின்றித் தெரிந்தது.

பொரிப்பகத்தில் தாய் மீனை முட்டைக்குத் தயார்ப்படுத்துவதே தனி வேலை. தொட்டியில் நெருக்கமாக வளரும் விலாங்குகள் பெரும்பாலும் ஆணாகிவிடுவதால், சிறு வயதிலேயே பெண் ஓமோன் கலந்த தீனி கொடுத்துப் பெண்ணாக்குகிறார்கள்; பிறகு சால்மன் மீனின் கபச்சுரப்பிச் சாற்றை வாரத்துக்கு ஒரு முறை ஊசியாக ஏற்றுகிறார்கள். அந்தப் பகுதியில் எனக்கு வேலையில்லை. முட்டை பொரித்த பிறகே குடம்பிகள் என் கைக்கு வரும்.

பொரிக்க ஏறக்குறைய ஒன்றரை நாள் செல்லும். ஒரு கிழமை வரை மஞ்சட்கருவும் எண்ணெய்த் துளியும் குடம்பியைத் தாங்கும். அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மற்ற மீன்களின் குடம்பிகளுக்குக் கொடுக்கும் ரொட்டிபர் என்னும் நுண்ணிய நீருயிரைக் கொடுத்தால், விலாங்குக் குடம்பி ஒன்றிரண்டை விழுங்கினாலும் அதைக் கொண்டு வளர்வதில்லை. கடலில் அது உண்பது, மேலிருந்து பொடிப்பொடியாக உதிர்ந்து இறங்கும் அழுகற் துகள்களையாம். 1970களின் முற்பகுதியிலேயே ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் முட்டையைப் பொரிக்க வைத்துவிட்டார்கள். ஆயினும் குடம்பிக்கு ஏற்ற தீனி அகப்படாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் போயிற்று. கடைசியில் கைகொடுத்தது சுறாவின் முட்டை. அதைப் பொடியாக்கி, கிரில் என்னும் இறால் போன்ற சிறு கடலுயிரின் சாறும் சோயாப் புரதமும் விற்றமின்களும் சேர்த்து, நீராகாரத்தைவிடச் சற்றுத் தடிப்பான ஒரு குழம்பாகக் கரைப்பார்கள். நான் முதலில் பார்த்தபோது அம்மா ஆப்பத்துக்குக் கரைத்து வைக்கும் மாதான் நினைவுக்கு வந்தது. மணம் மட்டும் வாடிய மீன் மணம்.

அரைக்கோள வடிவான தெளிந்த தொட்டிக்குள் குடம்பிகள் மிதந்துகொண்டிருக்கும். தீனி நேரத்தில் நீர்க் குழாயை நிறுத்திவிட்டு மேலே விளக்கைப் போட்டால், வெளிச்சத்துக்கு அஞ்சி அவை அடிப்பக்கம் இறங்கும். நீண்ட பிப்பெற்றால் குழம்பை மெதுவாக அடியில் பரப்பிவிட வேண்டும். அப்போது அவை தலையை மட்டும் குழம்புக்குள் செருகி, வாலை மேலே நிமிர்த்தி அசைத்துக்கொண்டு நிற்கும்; உடல் கண்ணாடி போலிருப்பதால், உண்டவற்றின் குடலில் ஒரு வெளிறிய கோடு நீள்வதைக் கண்ணாலேயே காணலாம். கோடு தெரியாத குடம்பி இரண்டொரு நாளில் போய்விடும். கால் மணி நேரத்துக்குப் பிறகு குழாயைத் திறந்து, மீந்த குழம்பு முழுவதும் வடிந்து போகும்வரை நீரோட வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை என நாளுக்கு 5 தடவை இதையே செய்து, மாலையில் குடம்பிகளைத் துப்புரவான வேறொரு தொட்டிக்கு மாற்றுவோம்.

ஒரு மாலை ஐந்தாவது தீனியைப் போட்டபின், ஒரு தொட்டியின் குழாயைத் திறக்க மறந்து, அதை மாற்றவும் மறந்து அறைக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்தபோது அடியில் பாலாடை போல ஒரு படலம். அதில் குடம்பிகள் ஒட்டிக்கொண்டு, சில இன்னமும் வாலை அசைத்துக்கொண்டிருந்தன. பொறுப்பாளர் ஏசவில்லை. ஒரு வெள்ளைத் தட்டையும் எண்ணும் கருவியையும் தந்து இறந்தவற்றை எண்ணச் சொன்னார். 217. பசியால் செத்த குடம்பி அந்த 217இல் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றின் குடலிலும் கோடு தெளிவாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினேன். குழாயை நிறுத்தும்போது நாடாவை என் விரலில் சுற்றிக்கொள்வேன். திறந்த பின்னரே அது குழாய்க்குத் திரும்பும்.

ஏறாவூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

தம்பி, உங்கள் அனுபவத்தை வாசித்தேன். போர்க்காலத்துக்கு முன்னர் நான் இறால் பொரிப்பகத்தில் வேலை செய்தவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். இறால் குஞ்சுக்கு நாங்கள் ஆர்ட்டீமியாவைப் பொரிக்க வைத்துக் கொடுப்போம். அது உயிரோடு நீந்தும் தீனி. குஞ்சு இப்போது தின்னாவிட்டாலும் அடுத்த வேளைக்குத் தின்னும், அதுவரை தண்ணீரும் பெரிதாகக் கெடாது. சிறு அசட்டையை அது மன்னிக்கும். அவித்த முட்டையைச் சல்லடையில் தேய்த்துக் கொடுத்த நாட்களிலோ, அளவு ஒரு கரண்டி கூடினாலும் மறுநாள் தொட்டியில் நுரை கட்டிவிடும். நீங்கள் சொல்லும் சுறா முட்டைக் குழம்பு கொழுப்பு மிகுந்தது என்பதால், அது இன்னும் மோசமாகத்தான் இருக்க வேண்டும். குடம்பியின் தாடையில் குழம்பு ஒட்டிக்கொள்வதில்லையா?

கல்லடி:

ஒட்டும், ஐயா. தாடை கோணிய குடம்பிகளையும் முதுகு வளைந்தவற்றையும் நிறையப் பார்த்தேன். கோணலுக்கு அழுக்கு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், முட்டையின் தரமும் வெப்பநிலையும் அதில் சேரும். நாங்கள் நீரை ஏறத்தாழ 25 பாகையில் வைத்திருந்தோம். பிழைத்த குடம்பி புளியிலை போலத் தட்டையாகி, 5 அல்லது 6 சென்ரிமீற்றர் நீளம் வந்த பின்னர், தீனியை விட்டுவிட்டு உருண்டு ஒடுங்கிக் கண்ணாடி விலாங்கு எனப்படும் நிறமற்ற குஞ்சாக மாறும். மாறும்போது நீளம் குறைகிறது என்பதை நம்ப எனக்குச் சில நாட்கள் சென்றன. கடலில் நான்கு முதல் ஆறு மாதங்களில் முடிகிற இந்த வளர்ச்சி தொட்டியில் இழுத்துக்கொண்டே போகும். 300 நாட்களைத் தாண்டியவற்றையும் கண்டிருக்கிறேன். நாளுக்கு 5 தடவை வீதம் 300 நாட்கள் என்றால், 1,500 தடவை குழாயை மூடித் திறப்பது என்று பொருள்.

கோமாரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணன், நான் குடம்பியைக் கண்டதில்லை. அதற்கு அடுத்த நிலையைக் கண்டவன். மாரியில் களப்பின் வாய் வெட்டுப்பட்ட பின், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் கடல்நீர் பெருகி ஏறும்போது, கரையோரமாகக் கண்ணாடி விலாங்குகள் உள்ளே வருகின்றன. ரோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும் நகர்வதுபோல் தெரியும், அவை கண்கள். ஆய்வுக்காக அனுமதி பெற்ற ஒருவரோடு போய், அத்தாங்கால் ஒரு வாளியில் அள்ளியெடுத்தோம். உவர்நீரில் தொடங்கி ஒரு கிழமைக்குள் கிணற்று நீருக்குப் பழக்கினோம்.

முதல் இரவிலேயே நாற்பது வரையில் காணாமற் போயின. ஈரச் சுவரில் ஒட்டி ஏறி, காற்றுக் குழாய் வழியாக வெளியே போயிருந்தன. மறுநாள் காலையில் சீமெந்துத் தரையில் காய்ந்த நூல்களாகக் கிடந்தன. சுவரின் மேல்விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு உட்புறமாக வலை அடித்த பின்பே அது நின்றது. பிறகு பெரியது சிறியதைத் தின்னத் தொடங்கியது. இரண்டு கிழமைக்கொரு முறை அளவு பார்த்துப் பிரிக்காவிட்டால், தொட்டியில் கொழுத்த சில மீன்கள் மட்டுமே மிஞ்சும்.

தீனியாக அரைத்த சூடை மீனைப் பிசைந்து தட்டில் வைத்தேன். இரவில்தானே தின்னும் என்று விடியும்வரை தட்டை உள்ளேயே விட்டுவைப்பது என் வழக்கம். சாவு நிற்கவில்லை. நான் நோயைத் தேடினேன், கிணற்று நீரைப் பழித்தேன், உப்புக் கரைத்துப் பார்த்தேன். தட்டை மட்டும் பார்க்கவில்லை.

பலர் என்னிடம் கேட்பதையும் கேட்டுவிடுகிறேன்: நம் பகுதியில் குடம்பியிலிருந்தே வளர்க்க வழி உண்டா?

கல்லடி:

இப்போதைக்கு இல்லை என்பதே என் எண்ணம், தம்பி. நம் நீர்நிலைகளில் இருப்பவை வேறு இனங்கள். வணிக அளவில் அவற்றைக் குடம்பியிலிருந்து வளர்த்தெடுத்தவர் எவருமில்லை. இந்தோனேசியாவிலும் கடலிலிருந்து வரும் குஞ்சைப் பிடித்தே வளர்க்கிறார்கள். யப்பானில் 2010இல் பொரிப்பகத்தில் பிறந்த விலாங்கிலிருந்தே அடுத்த தலைமுறையைப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் ஒரு குஞ்சை உருவாக்க 2016இல் ஏறக்குறைய 40,000 யென் செலவானது. பெரிய தொட்டி, சுறா முட்டைக்குப் பதிலாகக் கோழி முட்டை மஞ்சட்கருவும் பாற் புரதமும் என்று மாற்றி மாற்றி, 2023 அளவில் அதை 1,800 யென்னுக்குக் கொண்டுவந்தார்கள். கடலில் பிடித்த குஞ்சின் விலை அதைவிடவும் குறைவு. இங்கே மாரியில் முகத்துவாரத்து நீரின் உப்புத்தன்மை ஒரே நாளில் விழுந்துவிடும். மின்சாரம் நின்றால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். உங்கள் கையில் உள்ள குஞ்சுகளைக் காப்பாற்றுவதே இப்போது பயனுள்ள வேலை. தட்டை அரை மணியில் எடுத்து, மிச்சத்தை நிறுத்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் அந்த அளவைக் குறைத்து வையுங்கள்.

கோமாரி:

ஒன்பது நாட்களாக அப்படியே செய்கிறேன், அண்ணன். முதல் நாள் 300 கிராம் வைத்ததில் 140 கிராம் திரும்பி வந்தது. அதுவரை ஒவ்வோர் இரவும் அவ்வளவும் தொட்டிக்குள்தான் கரைந்திருக்கிறது. நேற்று 170 வைத்து 15 மீந்தது. முந்தாநாள் இரண்டு செத்தன, நேற்று ஒன்று. மனைவியின் சமையல் தராசைத்தான் இரவல் வாங்கியிருக்கிறேன். மீன் வாடை போகவில்லை என்று ஏச்சு விழுகிறது.