மலேசியாவில் ஒரு வெள்ளி (ஒரு ரிங்கிட்) கட்டணத்தில் கிளினிக் இருந்தும் நம் பெண்கள் ஏன் போவதில்லை?

பிறை_குமரன்:
அமெரிக்காவில் பெண்களுக்கு இருக்கும் வசதி நமக்கு எப்போது வருமோ என்று போன வாரம் இங்கே ஒருவர் அங்கலாய்த்திருந்தார். தனியாரில் வேலை பார்த்துப் பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடு என்று சொல்லும் மத்திய சட்டமே அங்கே இல்லை. 1993ல் வந்த சட்டம் 12 வாரம் தருகிறது, அதுவும் சம்பளமில்லாமல். இங்கே 2023 ஜனவரி முதல் 98 நாள், சம்பளத்தோடு. கவர்மெண்ட் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளி. 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி வைரஸைத் தடுக்கும் ஊசியை 2010லிருந்து பள்ளியிலேயே போடுகிறார்கள். 2023ல் உலகம் முழுக்கப் பேறுகாலத்தில் இறந்த பெண்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். பத்தில் ஏழு பேர் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில். அவர்களுக்குக் கிடைக்காதது நமக்கு வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பெண்கள்தான் போவதில்லை. அலட்சியம், வேறென்ன?

செந்தூல்_மலர்:
குமரன் அண்ணே, என் நாத்தனாருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பேப் ஸ்மியர் பரிசோதனை எடுக்கக் காலை ஏழு மணிக்கே கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுத்தார். முடியும்போது மணி பதினொன்று. நோய் எதுவும் இல்லையே, அதனால் எம்.சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடையாது, கிளினிக்கில் இருந்த நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்தான். ஃபேக்டரியில் அதை ஏற்கவில்லை. அரைநாள் சம்பளம் போச்சு, அந்த மாத வருகை அலவன்ஸும் போச்சு. அடுத்த முறை போவாரா சொல்லுங்கள். இதுவா அலட்சியம்?

மிஸ்ஸி_அக்கா:
தம்பி, நான் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை நம் ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய பிரசவம் எல்லாம் பார்த்து, கர்ப்பிணியின் புத்தகத்தில் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் ஒட்டுவோம். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. செக்கப்புக்கு வராதவளை வீடு தேடிப் போவோம். இலங்கையிலும் ஊர் மருத்துவிச்சிகள் அப்படித்தான் வீடு வீடாகப் போகிறார்கள்.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாள் ஆனதும் அந்தப் பெண்ணைத் தேடிப் போக ஆள் இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் மெதுவாக, பல வருடம் எடுத்து வளர்வது. முன்கூட்டியே பார்த்தால் தடுத்துவிடலாம். அப்படியும் 2022ல் உலகில் சுமார் 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள், நூற்றுக்கு 94 பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஆண் டாக்டர் இருப்பாரோ என்ற கூச்சத்திலேயே வாசல்வரை வந்து திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது பஞ்சுக் குச்சியால் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி பரிசோதனை வந்திருக்கிறது. திரை மறைவில் கொஞ்ச நேர வேலை. அதை ஃபேக்டரி வாசலுக்கே கொண்டுபோக வேண்டும்.

பட்டர்வொர்த்_வாசகி:
எல்லாரும் ஐசி (மலேசிய அடையாள அட்டை) வைத்திருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஒரு வெள்ளி வெளிநாட்டுப் பெண்ணுக்கு இல்லை, பல மடங்கு கட்ட வேண்டும். பத்திரம் இல்லாத வெளிநாட்டவர்கள் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்குத் தெரிவிக்கச் சொல்லி 2001ல் சுகாதார அமைச்சு சுற்றறிக்கையே விட்டது. வலி எடுத்த பிறகுகூட ஆஸ்பத்திரிக்குப் போக அவர்கள் பயப்படுகிறார்கள்.

பிறை_குமரன்:
வரி கட்டுபவனுக்குத்தான் முதலில். அதில் என் கருத்து மாறாது. டைம் ஸ்லிப் கதைக்கு வருகிறேன். நான் ஹெச்.ஆரில் இருக்கிறேன், எங்கள் இடத்தில் பரிசோதனைக்குப் போன நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. இது முதலாளி பிரச்சினை, கவர்மெண்ட் பிரச்சினை இல்லை.

செந்தூல்_மலர்:
உங்கள் முதலாளி நல்லவர், என் நாத்தனாரின் முதலாளி அப்படி இல்லை. அதனால்தான் அண்ணே, சட்டத்திலேயே வேண்டும் என்கிறேன். 98 நாளும் முதலாளிகள் தானாகக் கொடுத்ததா? சட்டம் வந்துதானே கிடைத்தது. அதேபோலப் பரிசோதனைக்கு அரைநாள், சம்பளத்தோடு. அந்த வெளிநாட்டுப் பெண்களும் அதே ஃபேக்டரியில்தான் நிற்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.