சீனத் தட்டச்சு குறித்து ஓர் ஐயம்: மல்லேனி சொல்வது சரியா?

பினாங்கு வாசகன்:
வணக்கம். ஜார்ஜ் டவுனில் என் பக்கத்து மேசையில் இருக்கும் சீன நண்பர் 'நி' என்ற ஒலிக்குரிய இரண்டு ரோமன் விசைகளை அழுத்தியதும் திரையில் சில சீன எழுத்துகள் வரிசையாக வருகின்றன; அவற்றில் ஒன்றை எண் விசையால் எடுத்துக்கொள்கிறார். இதைத் தட்டச்சு என்று கருதாமல் 'உள்ளீடு' என்றே கொள்ள வேண்டும் என்கிறார் ஸ்டான்ஃபோர்டு வரலாற்றாசிரியர் தாமஸ் மல்லேனி. பெயரை மாற்றும் அளவுக்கு இதில் என்ன வேறுபாடு இருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸ் செழியன்:
வேறுபாடு அடிப்படையானது. தட்டச்சில் அழுத்திய எழுத்தே தாளில் விழும். உங்கள் நண்பர் அழுத்துவதோ தேடுவதற்கான குறிப்பு மட்டுமே. இது கணினியோடு பிறந்த வழக்கமும் அன்று. சீன எழுத்தாளர் லின் யூடாங் 1947இல் நியூயார்க்கில் அறிமுகப்படுத்திய 'மிங்க்வாய்' என்ற சீனத் தட்டச்சு இயந்திரத்தில் 72 விசைகள் இருந்தன; எழுத்தின் மேற்பகுதிக்கு ஒன்று, கீழ்ப்பகுதிக்கு ஒன்று என இரண்டை அழுத்தினால் சிறு கண்ணாடிச் சாளரத்தில் எட்டு எழுத்துகள் வரை தெரியும், மூன்றாவது விசை அவற்றில் ஒன்றை அச்சிடும். விற்பனைக்கு வராத அந்த மாதிரி இயந்திரம் தொலைந்தே போயிற்று என்றிருந்தார்கள். 2025இல் நியூயார்க் வீடொன்றின் நிலவறையில் கிடைத்து, இப்போது ஸ்டான்ஃபோர்டில் இருக்கிறது.

பழைய தட்டச்சர், செந்தூல்:
என்னைக் கவர்ந்தது அதற்கும் முந்தைய இயந்திரம். அதில் விசைப்பலகையே கிடையாது. ஏறத்தாழ 2,500 உலோக எழுத்துகள் அடுக்கிய தட்டிலிருந்து வேண்டியதை ஒவ்வொன்றாக எடுத்து அடிக்க வேண்டும். 1950களில் சீனத் தட்டச்சர்கள், அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகள் அருகருகே இருக்குமாறு தட்டையே மாற்றி அடுக்கிக்கொண்டார்கள். இன்று கைப்பேசி அடுத்த சொல்லை முன்கூட்டியே நீட்டுவதன் வேர் அங்கே இருக்கிறது என்பது மல்லேனியின் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

நம் பக்கமும் சற்றுப் பாருங்கள். நான் பழகிய தமிழ்த் தட்டச்சுப்பொறியில் 'க்' வேண்டுமானால் புள்ளியை முதலில் அடிப்போம், உருளை நகராது, பிறகுதான் ககரம். 'கொ'வுக்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று தட்டு. கணினிக்கான தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தை அடுத்து ஒகரத்தைத் தட்டினால் போதும், கொம்பு தானாகவே முன்னால் போய் நிற்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் செழியன்:
ஐயா, உவமை அழகுதான். ஆனால் முழுதும் பொருந்தாது. தமிழ்99இல் அந்த இரு விசைகளுக்கு விடை ஒன்றே, தெரிவு செய்யும் வேலை நமக்கில்லை. ஒரே ஒலிக்குப் பல எழுத்துகள் உள்ள சீனத்தில் ஒவ்வொரு முறையும் தெரிந்தெடுத்தாக வேண்டும்.

பினாங்கு வாசகன்:
இருவருக்கும் நன்றி. நண்பரிடம் கேட்டேன், வரிசையில் முதலில் நிற்பதே பெரும்பாலும் சரியாக இருப்பதால், பார்க்காமலேயே இடைவெளி விசையைத் தட்டிவிடுகிறாராம்.