ட்ரயல்ஸ் மோட்டார் சைக்கிளின் பின் சொக்: திருத்துவதா, மாற்றுவதா?

கேள்வி, கோப்பாயிலிருந்து:
பழைய யமஹா ரி.வை. 175, கல்லு மேடுகளில் மெதுவாக ஏறி ஓட்டும் ட்ரயல்ஸ் பைக். பின்னுக்கு இரண்டு சொக் (அதிர்வு தாங்கி). வலப்பக்கத் தண்டில் ஒயில் கசிந்து, புழுதியோடு கறுத்த பசையாகப் பிடித்திருக்கிறது. கல்லில் ஏறி இறங்கினால் பின்சில்லு துள்ளித் துள்ளித்தான் அடங்குகிறது. ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் மட்டும் மாற்றினால் போதுமா? ரோட்டு பைக்கின் சொக்கைப் பூட்டச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில், சுன்னாகம்:
தம்பி, ரோட்டு சொக் வேண்டாம். அதன் ஸ்பிரிங் விறைப்பு. ட்ரயல்ஸில் சில்லு கல்லோடு ஒட்டியே உருள வேண்டும், அதுதான் பிடிமானம். முதலில் பசையைத் துடைத்து, தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் துரு குழி விழுத்திவிட்டது; புது சீலையும் அது கிழிக்கும். எங்கள் கடற்கரைக் காற்றுக்கு இது வழமை. தண்டு வழுவழுப்பாக இருந்து, மூடியைக் கழற்றவும் வழியிருந்தால் சரி, சீலும் ஒயிலும் மாற்றலாம். வாயை மடித்து மூடிய, கழற்ற முடியாத சொக் என்றால் புதிதுதான், அதுவும் சோடியாக.

வாங்கமுன், பைக்கைத் தூக்கி நிறுத்தி, சில்லு தொங்கும்போது மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடுவரை அளந்து பாருங்கள். புது சொக்கின் நீளம் அதைவிடக் கூடினால் பின்பக்கம் உயர்ந்து, முன் ஃபோர்க் செங்குத்தாகி ஹாண்டில் பதறும். குறைந்தால் எஞ்சினுக்குக் கீழுள்ள அடித்தட்டு கல்லில் இடிக்கும்.

பதில், பருத்தித்துறை:
அண்ணை சொன்னது சரி. ஒன்று மட்டும்: சில சொக்குகளுக்குள் அழுத்தமான நைதரசன் இருக்கும். வால்வு கண்டால் வீட்டில் திறக்காதீர்கள். சொக்கின் போல்ட் துளையிலுள்ள ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள், தம்பி.

கேள்வி கேட்டவர்:
நகம் தடக்குகிறது, அண்ணை. சோடியாகவே தேடுகிறேன்.