ஜார்ஜ் விடுதி: பப்பாகவே இருக்கட்டுமா, அருங்காட்சியகம் ஆகட்டுமா?

தென்கரை:
லண்டன் பாலத்துக்குத் தெற்கே, பரோ ஹை ஸ்ட்ரீட்டை ஒட்டிய முற்றத்துக்குள் நுழைந்தால் ஜார்ஜ் இன் தெரியும். குதிரை பூட்டிய கோச் வண்டிகள் வந்து நின்ற அந்தக் கால விடுதிகளில், முற்றத்தைப் பார்த்த மர மாடத்தோடு லண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1676-ல் சதர்க் பகுதியில் பரவிய பெருந்தீயில் பழைய கட்டடம் எரிந்துபோக, அடுத்த ஆண்டு கட்டியது இது. 1937-லிருந்து, பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட்டின் சொத்து. ஆனால் குத்தகைக்கு விட்டு பப்பாகத்தான் நடத்துகிறார்கள். கோடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் கால் வைக்க இடமில்லை. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் மரக் கட்டடத்தை இப்படியா வைத்திருப்பது? குத்தகையை முடித்துக்கொண்டு கோச் வண்டிக் காலத்துக்கான அருங்காட்சியகமாக மாற்ற வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

மரவேலைக்காரன்:
மறுக்கிறேன். இங்கிலாந்தில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். மரச் சட்டக் கட்டடத்துக்கு எமன் ஆள் நடமாட்டம் கிடையாது, ஈரம்தான். கூரைக் கால்வாயில் இலை அடைத்துத் தண்ணீர் உள்பக்கம் இறங்கினால், தினமும் புழங்கும் அறையில் மறுநாளே யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புழங்காத மாடி அறையில் உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்து, கைவிரலால் குத்தினால் தூளாகக் கொட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் தெரியும். குளிர்காலம் முழுக்க அடுப்பும் வெளிச்சமும் ஆளும் இருக்கும் கட்டடம் உலர்ந்து நிற்கும். அதற்கான செலவை வியாபாரம் கொடுக்கிறது. உங்கள் அருங்காட்சியகத்துக்கு யார் கொடுப்பார்கள்?

தென்கரை:
அருங்காட்சியகம் என்றால் பூட்டிப்போடுவது என்று யார் சொன்னது? அங்கேயும் ஆட்கள் இருப்பார்கள், அடுப்பும் எரியும். என் கவலை வேறு. ஷேக்ஸ்பியர் இங்கே குடித்தார் என்று பேசிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் இறந்தது 1616-ல், இந்தக் கட்டடம் 1677. இதைவிடப் பெரிய விஷயம், முற்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் பார்ப்பது ஒரே ஒரு பக்கம் என்று தெரியும்? முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மாடம் ஓடிய கட்டடம் இது. 1836-ல் கூப்பிடு தூரத்தில் லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையம் வந்தது, கோச் தொழில் படுத்தது. 1874-ல் கிரேட் நார்தர்ன் ரயில்வே இடத்தை வாங்கி, பிறகு சரக்குக் கிடங்குக்காக இரண்டு பக்கத்தை இடித்துத் தள்ளியது. தெற்குப் பக்கம் மட்டும் மிஞ்சியது. அந்த ரயில்வேயை உள்ளடக்கி உருவான கம்பெனிதான் 1937-ல் மீதியை டிரஸ்ட்டுக்குத் தானமாகக் கொடுத்தது. இந்தக் கதை தெரியாமல் ‘அழகான பழைய பப்’ என்று போட்டோ எடுத்துப் போகவா இதைக் காப்பாற்றினோம்?

நிலா:
தென்கரை அண்ணா, வரலாறு தெரிய வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான். ஆனால் பப்பை வெளியேற்றினால் தெரிந்துவிடும் என்பதை ஏற்க முடியவில்லை.

இந்த விடுதிகள் ஏன் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் குவிந்தன? 1750-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும் வரை நகரத்துக்குள் தேம்ஸைக் கடக்க லண்டன் பாலம் ஒன்றுதான் இருந்தது. கென்ட், சசெக்ஸ் பக்கமிருந்து வரும் வண்டியெல்லாம் இந்த ஒரே தெருவில்தான் வந்து முட்டும். 1784-ல் தபால் கோச்சுகள் ஓடத் தொடங்கிய பிறகு நேரம்தான் எல்லாமே. வண்டிக் காவலரிடம் பெட்டிக்குள் பூட்டிய கடிகாரம் இருக்கும். வழியில் சுமார் பத்து மைலுக்கு ஒரு முறை, சில நிமிடங்களுக்குள் களைத்த குதிரைகளை அவிழ்த்துப் புதுக் குதிரைகளைப் பூட்டி அனுப்ப வேண்டும். ஜார்ஜுக்குள் பெரிய வட்ட முகத்தோடு தொங்குகிறதே ஒரு கடிகாரம், அந்தக் கூடத்தின் சத்தத்தில் அண்ணாந்து பார்க்கும்போது அது எதற்கு அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தானாகவே புரிகிறது. வந்தவர்கள் உட்கார்ந்து, சாப்பிட்டு, அவசரமாகக் கிளம்பிய இடம். கயிறு கட்டி ‘தொடாதீர்கள்’ என்று எழுதிவைத்தால் அது செத்துப்போகும்.

க்ளாஸ்டரில் உள்ள நியூ இன்னைப் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டில் மடத்துக்காரர்கள் யாத்ரீகர்களுக்காகக் கட்டியது, முற்றமும் மாடமும் இன்றும் நிற்கின்றன. நூற்றாண்டுக் கணக்கில் விடுதியாகவே நடந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்பேன்.

தென்கரை:
விடுதியாக நடந்தவை எல்லாம் தப்பித்தனவா தங்கச்சி? பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் யாத்ரீகர்கள் கிளம்பிய டபார்ட் விடுதி பக்கத்திலேயே இருந்தது. 1676 தீக்குப் பிறகு அதையும் திரும்பக் கட்டினார்கள். 1873-ல் இடித்துவிட்டார்கள். லண்டன் வார்விக் லேனில் ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ் என்று ஒரு விடுதி இருந்தது. அது போகப்போகிறது என்று தெரிந்ததும் 1875-ல் ஒரு சங்கமே அமைத்துப் படம் எடுத்தார்கள். படம் மிஞ்சியது, கட்டடம் போய்விட்டது. வியாபாரத்தை நம்பி விட்டால், லாபம் வேறு பக்கம் திரும்பும் நாளில் கட்டடமும் போகும்.

மரவேலைக்காரன்:
அவை தனியார் கையில், எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத காலத்தில் போனவை. புராதனக் கட்டடப் பாதுகாப்புச் சங்கம் 1877-ல்தான் வந்தது, நேஷனல் டிரஸ்ட் 1895-ல். இன்று குத்தகைக்காரர் மாறலாம், உரிமை டிரஸ்ட்டிடம்தான். அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடிக் கம்பியைக்கூட மாற்ற முடியாது. வியாபாரத்தை நம்பி விட்டுவிட்டார்கள் என்பது சரியில்லை.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னது நியாயம். மாடத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று வரம்பு வைப்பதை நானும் ஆதரிப்பேன். பழைய மாடம் ஒரே இடத்தில் குவியும் எடைக்காகக் கட்டியதில்லை.

நிலா:
இன்னொன்றும் செய்யலாம். இடித்த இரண்டு பக்கமும் எங்கே நின்றன என்று முற்றத்தின் தரையில் வேறு நிறக் கல்லால் கோடு போட்டுக் காட்டலாம். பீர் கிளாஸோடு நிற்பவர் காலுக்குக் கீழே பார்த்ததும் ‘இது என்ன’ என்று கேட்பார். பக்கத்தில் ஒரு பலகையில் ரயில்வே செய்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

தென்கரை:
கோடும் பலகையும் உடனே வேண்டும், அதில் மூவரும் ஒன்று. மாடத்துக்கு வரம்பும் சரி. ஆனால் குத்தகை விஷயத்தில் நான் மாறவில்லை. குறைந்தபட்சம் மாடி அறைகளையாவது சாப்பாட்டு மேசையிலிருந்து மீட்டு, பயணிகள் படுத்த அறையாக ஒன்றிரண்டைக் காட்ட வேண்டும். கீழே பப் நடக்கட்டும் என்று அதற்கு ஈடாக வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். மரவேலைக்காரரே, மாடியில் அடுப்பெரியாத அறை உளுத்துப்போகும் என்றீர்களே, காட்சி அறைக்கு என்ன ஏற்பாடு செய்வீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.