பையனுக்கும் அப்பத்தாவுக்கும் ஒரே சைக்காலஜிஸ்ட்டா? காரைக்குடிப் பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர்_மீனா:
வீட்டில் இரண்டு கவலை ஒன்றாக வந்திருக்கிறது. பையன் நாலாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான், மனக்கணக்கில் கெட்டி, ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு எழுத்து தடுமாறுகிறான், தமிழிலும் அதே கதைதான். பள்ளியில் ‘ஐக்யூ டெஸ்ட் எடுத்துட்டு வாங்க’ என்கிறார்கள். அப்பத்தாவுக்கு 76 வயது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிறார். ஐயா தவறியதிலிருந்து யாரிடமும் பேச்சும் இல்லை. எல்லா வயதினரையும் பார்ப்பவர் ஒருவரிடமே இரண்டு பேரையும் காட்டலாமா? ‘வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்’ என்று வீட்டில் ஒரே பேச்சு.

தேவகோட்டை_டீச்சர்:
மீனா, பையனுக்கு ஐக்யூ எண் மட்டும் போதாது, அதை வைத்து நீங்கள் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வாசிப்பில்தான் சிக்கல் போலிருக்கிறது, அதனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கும் சோதனை வேண்டும். பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். எந்த மொழியில் சோதிப்பார்கள் என்பதை முதலிலேயே கேளுங்கள், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் மார்க் குறைந்துதான் வரும். அதற்கு முன் கண்ணும் காதும் பார்த்துவிடுங்கள். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் தேர்வில் சலுகைக்குத் தனியார் அறிக்கை போதாது, அரசு மருத்துவர்கள் தரும் சான்றிதழ் வேண்டும்.

அப்புறம் ஒன்று, பையன் காதுபட ‘மூளைக்கு டெஸ்ட்’ என்று யாரும் சொல்லவேண்டாம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லாம் புரியும்.

கண்டனூர்க்காரன்:
டீச்சர் சொன்னது சரி. அப்பத்தாவுக்கு வழி வேறு, முதலில் டாக்டர், அப்புறம்தான் சைக்காலஜிஸ்ட். வைட்டமின் பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், காது மந்தமானாலும் சொன்னது பதியாது, தூக்க மாத்திரையும் ஒரு காரணம். துணையை இழந்த வயதானவர்களுக்கு மனச்சோர்வே மறதி மாதிரித் தெரிவதும் உண்டு, அதைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள் என்கிறேன். எங்கள் ஆயாவுக்கு 30 மார்க் சோதனை ஒன்று வைத்தார்கள், தேதி, இடம், கடிகாரம் வரைவது என்று போகும். அவர் பள்ளிக்கூடமே போகாதவர், அதனால் அந்த மார்க்கை அப்படியே எடுக்கக்கூடாது என்று சோதனை வைத்த சைக்காலஜிஸ்ட் அம்மாவே சொல்லி, வீட்டு வேலைகளை எப்படிச் செய்கிறார் என்று எங்களிடம் நெடுநேரம் விசாரித்தார். அப்படிக் கேட்பவரிடம் போங்கள். ஒரே நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள், சிறுநீர்த் தொற்றில்கூட அப்படி வரும், உடனே ஆஸ்பத்திரி.

பள்ளத்தூர்_மீனா:
ரொம்ப நன்றி அண்ணே, டீச்சருக்கும். சரியான ஆள்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சைக்கியாட்ரிஸ்ட் என்றால் வேறா?

சிவகங்கை_கவுன்சிலர்:
சைக்கியாட்ரிஸ்ட் மருத்துவர், மாத்திரை எழுதுவார். சைக்காலஜிஸ்ட் சோதனை செய்வார், பேசிக் குணப்படுத்தும் தெரபி தருவார், மருந்து எழுத முடியாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்சிஐ பதிவு எண் இருக்கவேண்டும், தயங்காமல் கேளுங்கள், இணையத்திலும் சரிபார்க்கலாம். போர்டில் ‘எல்லா வயதினருக்கும்’ என்று இருந்தாலும் பிள்ளைகளின் வாசிப்புச் சிக்கலைப் பார்ப்பவருக்கு முதியோர் மறதியிலும் அதே பழக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் இருவருக்கும் தனித்தனியாகக் கேட்டே முடிவு செய்யுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே தொடங்கினால் செலவு குறைவு. அறிக்கை கையில் வந்ததும் ‘இனி வீட்டில் என்ன செய்யணும், பள்ளியில் என்ன கேட்கணும்’ என்று உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள், அதுவும் அவர்கள் வேலைதான்.

வீட்டுப் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் விவரத்தை அவர்கள் வெளியே சொல்லக்கூடாது. அப்பத்தா இப்போது வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், நீங்களே முதலில் பேசி வழி கேட்கலாம்.

பள்ளத்தூர்_மீனா:
சரி, திங்கட்கிழமை அப்பத்தாவுக்கு ரத்தப் பரிசோதனை, பையனுக்குக் கண் டாக்டர். அப்புறம் சிவகங்கை போகிறோம்.