ஆஸ்டெரிக்ஸ் பெயர்ச் சிலேடைகள்: பிரெஞ்சு அறிந்தவர்களின் உதவி தேவை

வணக்கம். 1959-இல் பிலோத் என்ற பிரெஞ்சு இதழில் ரெனே கோசினியும் ஆல்பெர் உதெர்சோவும் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதைகளை இப்போது பிரெஞ்சு மூலத்திலேயே படித்து வருகிறேன். ஆஸ்டெரிக்ஸின் நண்பன் ஒபெலிக்ஸின் நாயான இதெஃபிக்ஸின் பெயரில் 'இதே ஃபிக்ஸ்', அதாவது விடாப்பிடியான எண்ணம், ஒளிந்திருப்பது எளிதில் புரிந்துவிடுகிறது. ரோமானியரின் பபாஓரம் முகாம் ரம்மில் ஊறவைத்த கேக்கை நினைவூட்டுகிறது. இத்தகைய விளையாட்டே எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால், கேட்கச் சகிக்காதபடி பாடும் பாணனுக்கு, எல்லா இடர்களுக்குமான காப்பீட்டைக் குறிக்கும் 'அசுரான்ஸ் தூ ரிஸ்க்' என்ற தொடரிலிருந்து அசுரான்ஸ்தூரிக்ஸ் என்று பெயர் வைத்ததில், ஒலி ஒற்றுமைக்கு அப்பால் அவனுடைய குணத்தோடு ஏதேனும் தொடர்பு உண்டா? ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களான ஆந்தியா பெல்லும் டெரெக் ஹாக்ரிஜும் காதுக்கு இனிமையற்ற ஒலியைக் குறிக்கும் 'காகோஃபோனி' என்ற சொல்லிலிருந்து அவனைக் காகோஃபோனிக்ஸ் ஆக்கியது அவனது பாட்டுக்குப் பொருந்துகிறது என்பதால்தான் கேட்கிறேன். ஆஸ்டெரிக்ஸின் கிராமத் தலைவர் அப்ராராகூர்சிக்ஸின் பெயருக்கு மூலமான, மூர்க்கமாகப் பாய்ந்து தாக்குவதைக் குறிக்கும் 'ஆ ப்ரா ராகூர்சி' என்ற தொடர் இன்றைய பேச்சில் வழங்குகிறதா, அல்லது பழைய நூல்களோடு நின்றுவிட்டதா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.