பூக்கடை கணக்கும் ஒரு 'ஐ' வேரியபிளும்: என் அனுபவம், உங்களுக்கும் நடந்திருந்தா சொல்லுங்க

மாமா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்காக. பூ போடுற எந்த சம்சாரிக்கு (விவசாயிக்கு) எவ்வளவு பட்டுவாடான்னு பாக்க ஜாவாஸ்கிரிப்ட்ங்கிற புரோகிராம் மொழில ஒரு பேஜ் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் காலைல போன், "மாப்ள, ஆறு பேரு பூ போட்டாக, ரெண்டு பேரு கணக்குதான் வருது". மறுநாள் பேஜே அப்படியே நின்னுபோச்சு, கடை முன்னாடி ஆளுக காத்துக் கெடக்காக, எனக்கு நெஞ்சு படபடங்குது.

விஷயம் என்னன்னா ஆறு சம்சாரிக்கும் வெளிய ஒரு ஃபார் லூப் (ஒரே வேலையை ஒவ்வொண்ணுக்கா திரும்பச் செய்யுறது), அதுல எத்தனாவது ஆளுன்னு எண்ணுற வேரியபிள் ஐ. ஒவ்வொருத்தர் எடைச்சீட்டையும் கூட்ட ஒரு ஃபங்ஷன் (தனியா பேரு வச்ச கோடு துண்டு), அதுக்குள்ளயும் ஃபார் லூப், அதுலயும் ஐ. உள்ள இருக்குற ஐக்கு வார், லெட்னு டிக்ளேர் பண்ணுற (இது புது வேரியபிள்னு சொல்லுற) வார்த்தை எதுவும் போடல. அப்படி டிக்ளேர் பண்ணாம மதிப்பு கொடுத்தா ஜாவாஸ்கிரிப்ட் அதை குளோபலா, அதாவது புரோகிராம் முழுக்கப் பொதுவா எடுத்துக்கிரும். வெளி லூப்போட ஐயும் குளோபல்தான், ஆக ரெண்டு ஐயும் ஒரே ஐ. முதல் ஆளுக்கு மூணு சீட்டு, ஃபங்ஷன் முடியும்போது ஐ 3, வெளி லூப் ஒண்ணு கூட்டி 4, 0-ல இருந்து எண்ணுறதால அது அஞ்சாவது ஆளு, நடுவுல மூணு பேரு காணோம். அவருக்கு அஞ்சு சீட்டு, ஐ 5, அடுத்து 6, லூப் முடிஞ்சிருச்சு. மறுநாள் அந்த அஞ்சாவது ஆளு மூணு சீட்டுதான் போட்டாரு, ஐ திரும்பத் திரும்ப 4-க்கே வருது, எப்படி முடியும்? ஃபங்ஷனுக்குள்ள லெட் போட்டதும் சரியாப் போச்சு. லெட் 2015-ல வந்தது, இந்த எடத்துல பழைய வார் போட்டிருந்தாக்கூட போதும், வார் ஃபங்ஷனை விட்டு வெளிய போகாது.

மேலூர்க்காரன்:
அண்ணே எனக்கு பிஎச்பில (சர்வர்ல ஓடுற இன்னொரு மொழி) இதுக்கு நேர் எதிரா நடந்துச்சு. கமிஷன் சதவீதத்தை ஃபைல் மேல எழுதிட்டு ஃபங்ஷனுக்குள்ள எடுத்தேன், எல்லா பில்லுலயும் கமிஷன் 0. பிஎச்பில வெளிய இருக்குற வேரியபிள் ஃபங்ஷனுக்குள்ள தானா தெரியாதுல்ல, உள்ள அது வெறும் நல் (மதிப்பே இல்லாதது), பெருக்குனா சைபர். சர்வர்ல எரர் காட்டுறதை ஆஃப் பண்ணி வச்சிருந்ததால ஒரு வாரம் கண்டுக்கவே இல்ல. பிஎச்பி 7 வரைக்கும் அது சும்மா நோட்டீஸ் (லேசான அறிவிப்பு), 2020-ல வந்த 8-லதான் வார்னிங் ஆக்குனாங்க. குளோபல்னு போட்டா உடனே ஓடிரும், ஆனா நான் பாராமீட்டரா (ஃபங்ஷனைக் கூப்பிடும்போதே கூடக் கொடுக்குற மதிப்பா) அனுப்பிட்டேன், ஆறு மாசம் கழிச்சு படிச்சாலும் சதவீதம் எங்கிட்டு இருந்து வருதுன்னு அந்த ஃபங்ஷன் தலைப்புலயே தெரியணும்.

மாட்டுத்தாவணி மருமகன்:
பாராமீட்டர்தான் தம்பி சரி, நானும் மாத்துறேன். நீங்க எரர் ஆஃப்னு சொன்னதும் ஃபைலோட முதல் வரியில யூஸ் ஸ்ட்ரிக்ட் (ஜாவாஸ்கிரிப்ட்ட கண்டிப்பா இருக்கச் சொல்லுற வரி) போட்டு ஓட்டிப் பாத்தேன், அது இருந்தா டிக்ளேர் பண்ணாததுக்கு ரெஃபரன்ஸ் எரர் குடுத்துரும். ஒண்ண சரிபண்ணா அடுத்தது, இப்படியே இன்னும் நாலு எடம் மாட்டுச்சு. அதுல ஒண்ணு மல்லி ரேட்.